ஐந்து பீஸுக்கும் ஐம்பது பீஸுக்கும் எந்த சிஎன்சி லேத்?

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் உள்ள கடைசல் பட்டறைகள் நெடுங்காலம் ஒரே வகை வேலையில் வளர்ந்தவை. பம்புக்கு ஷாஃப்ட், மோட்டாருக்கு எண்ட் கவர், நூற்பாலை இயந்திரத்துக்கு உருளை. ஒரு டிராயிங் வந்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும். மாதம் ஐயாயிரம், பத்தாயிரம் பீஸ். அந்த வேலைக்கு எந்த சிஎன்சி லேத் பொருந்தும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது அதே பட்டறைகளின் வாசலுக்கு வேறு வகை ஆட்கள் வருகிறார்கள். மின்வாகன மோட்டார் வடிவமைப்பவர்கள், ட்ரோன் செய்பவர்கள், மருத்துவக் கருவிக்கு உதிரி தேடுபவர்கள், தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை நம்பித் தொழில் தொடங்கியவர்கள். அந்த வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் கோவையும் ஒன்று. இவர்கள் முதலில் கேட்பது ஐந்து பீஸ். பொருத்திப் பார்த்துவிட்டு, டிராயிங்கில் இரண்டு அளவை மாற்றி மறுபடியும் எட்டு பீஸ். எல்லாம் சரியாக வந்தால் அறுபது. பிறகு மூன்று மாதம் சத்தமே இருக்காது.

இந்த வேலையை நம்பி லேத் வாங்க நினைப்பவர் முதலில் கையில் எடுப்பது கேட்லாக்கை. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேட்லாக்குகள் தொடர் உற்பத்திக்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ரேபிட் வேகம், டரட் திரும்பும் நேரம், உச்ச ஆர்பிஎம் ஆகியவைதான் அவற்றில் பெரிய எழுத்தில் இருக்கும். முன்மாதிரி வேலையிலும் சிறு தொகுதி வேலையிலும் காசு கரைவது வேறு இடத்தில். ஒரு வேலையை இறக்கி, அடுத்ததை ஏற்றி, முதல் நல்ல பீஸைக் கையில் எடுக்கும் வரை ஆகும் நேரத்தில்தான் அது கரைகிறது. அந்த நேரத்தைக் குறைக்கும் லேத்தே நல்ல லேத். மற்ற எல்லா அம்சங்களையும் இந்த ஒன்றை வைத்தே எடைபோட வேண்டும்.

வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. எண்வழிக் கட்டுப்பாட்டை அமெரிக்காவின் எம்ஐடி 1952-இல் ஒரு மில்லிங் மெஷினில் செய்து காட்டியது. அதற்குப் பின்னால் இருந்தது ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனை. தேவை விமானத் தொழிலிலிருந்து வந்தது. சிக்கலான வடிவம், குறைந்த எண்ணிக்கை. லட்சக்கணக்கில் போல்ட்டும் புஷ்ஷும் கடைய அப்போதே கேம் வைத்து ஓடும் ஆட்டோமேட் லேத்துகள் இருந்தன. நம் பட்டறைகளில் டிராப் என்று அழைக்கப்படும் மெஷின்கள் அந்த இனம். அவற்றில் ஒவ்வொரு புது வேலைக்கும் தனியாகக் கேம் வெட்ட வேண்டும். கேமுக்குப் பதில் புரோகிராமை மாற்றினால் போதும் என்பதே சிஎன்சியின் மூலப் பயன். வேலை மாற்றம்தான் அதன் பிறவிக் காரணம். நாம்தான் அதை ஒரே வேலையில் கட்டிப்போட்டுப் பழகிவிட்டோம்.

கணக்கு போட்டுப் பார்த்தால்

மூன்று மெஷின்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் செட்டிங் 120 நிமிடம், ஒரு பீஸுக்கு 4 நிமிடம். இரண்டாவது வசதிகள் கூடியது. அதில் செட்டிங் 180 நிமிடம், பீஸுக்கு 3 நிமிடம். மூன்றாவது சற்று மெதுவாக வெட்டுவது, ஆனால் சுலபமாக மாற்றக்கூடியது. செட்டிங் 60 நிமிடம், பீஸுக்கு 5 நிமிடம். செட்டிங்கையும் சேர்த்துப் பங்கிட்டால் ஐந்து பீஸ் ஆர்டரில் ஒரு பீஸுக்கு முறையே 28, 39, 17 நிமிடம் ஆகிறது. அறுபது பீஸ் வரும்போது மூன்றும் 6 நிமிடத்தில் சமமாகின்றன. ஐந்நூறு பீஸில் கணக்கு தலைகீழாகி, இரண்டாவது மெஷின் 3.36 நிமிடத்தில் எளிதாக வெல்கிறது. மற்றவை 4.24, 5.12.

உங்கள் பட்டறையின் சென்ற ஆண்டு ஆர்டர்களை எடுத்துவைத்து, அறுபதுக்குக் கீழே எத்தனை, மேலே எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். என் கணக்கில் உள்ள நிமிடங்கள் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். உங்கள் நிமிடங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த எண்ணிக்கையில் கோடுகள் வெட்டிக்கொள்கின்றன என்பது தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

செட்டிங் என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பழைய ஜாவைக் கழற்றி, சக்கின் முகத்திலுள்ள பற்களில் ஒட்டிய சிப்ஸைத் துடைத்தெடுக்க வேண்டும். புது சாஃப்ட் ஜாவை மூன்று பக்கமும் ஒரே பல்லில் உட்காரவைத்து முறுக்க வேண்டும். ஒன்று மட்டும் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் பீஸ் வட்டமாக ஓடாது. ஒரு வளையத்தைக் கவ்வவைத்து, வேலைக்குக் கொடுக்கப்போகும் அதே அழுத்தத்தில் ஜாவை போரிங் செய்ய வேண்டும். டூல்களை மாற்றி, ஒவ்வொன்றையும் பீஸின் முகத்திலும் விட்டத்திலும் தொட்டு ஆஃப்செட் எடுக்க வேண்டும். பிறகு புரோகிராமை சிங்கிள் பிளாக்கில் ஓட்டிப் பார்ப்பது. அதன் பிறகும் முதல் பீஸை நேரே அளவுக்கு இறக்க யாரும் துணியமாட்டார்கள். வேர் ஆஃப்செட்டில் 0.3 மி.மீ. கூட்டிவைத்துக் கடைந்து, மைக்ரோமீட்டரில் அளந்து, மிச்சத்தைக் கழித்துவிட்டு மறுபடி ஃபினிஷ் கட் விடுவார்கள். முன்மாதிரி வேலையில் வாடிக்கையாளர் ஐந்து பீஸுக்கு ஆறு துண்டு மெட்டீரியல்தான் தருவார். ஒன்று போனால் பரவாயில்லை, இரண்டு போனால் ஆர்டர் முழுமையாகாது. ஆகவே இந்தப் படிகளில் எதையும் தாண்ட முடியாது. ஒவ்வொன்றையும் சுருக்கத்தான் முடியும்.

எங்கே சுருக்கலாம்

முதல் இடம் சக். ஆறு அங்குல ஹைட்ராலிக் சக்கின் ஜாக்கள் திறந்து மூடும் தூரம் விட்டத்தில் ஐந்தரை மி.மீ. அளவுதான். 25 மி.மீ. தண்டைப் பிடித்த ஜாவில் 40 மி.மீ. தண்டைப் பிடிக்க முடியாது. ஜாவை நகர்த்தியாக வேண்டும். நாள் முழுவதும் ஒரே விட்டம் ஓடும் இடத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. காலையில் 25, மதியம் 60, மாலையில் 38 என்று ஓடும் இடத்தில் இதுதான் முக்கியத் தலைவலி. வேகமாக ஜா மாற்றும் சக்குகள் சந்தையில் உண்டு. விலை கூடுதல். ஆனாலும் ரேபிட் வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுப்பது புத்திசாலித்தனம். அதற்குக் கை எட்டாதவர்கள் குறைந்தபட்சம் இருபது முப்பது செட் சாஃப்ட் ஜா வாங்கி, ஒவ்வொன்றிலும் விட்டத்தைப் பொறித்து, அலமாரியில் வரிசைப்படுத்தி வைக்கலாம். சிறிய விட்டங்களுக்குக் கோலட் சக் நல்ல துணை. கடைந்து முடித்த பரப்பைத் தழும்பில்லாமல் பிடிக்கும், அதிக ஆர்பிஎம்மிலும் பிடி தளராது. ஜா சக்கில் வேகம் கூடக்கூட மையவிலக்கு விசையால் பிடி குறையும் என்பதை மறக்கக்கூடாது. கேட்லாக்கில் போட்டிருக்கும் உச்ச ஆர்பிஎம்மைக் கனமான சாஃப்ட் ஜாவோடு ஓட்ட முடியாது.

ஆறு அங்குலமா, எட்டு அங்குலமா? சிறு தொகுதி வேலைக்கு என் ஓட்டு எட்டு அங்குலத்துக்கே. என்ன வேலை வரும் என்று முன்கூட்டித் தெரியாது என்பது முதல் காரணம். இரண்டாவது காரணம் ஸ்பிண்டில் துளை. ஆறு அங்குல மெஷின்களில் பெரும்பாலும் சுமார் 40 மி.மீ. தண்டுதான் உள்ளே நுழையும். எட்டு அங்குலத்தில் 50-ஐத் தாண்டும். தண்டு ஸ்பிண்டிலுக்குள் நுழைந்துவிட்டால் துண்டு போடத் தனியாக ஹேக்சா மெஷினுக்குப் போக வேண்டாம். டரட்டில் ஒரு இடத்தில் பார் புல்லர் மாட்டினால் தண்டை அதுவே இழுத்துக்கொள்ளும். ஐம்பது பீஸுக்கு அது போதும். பார் ஃபீடர் வாங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதற்கு உரிய எண்ணிக்கை வரட்டும்.

இரண்டாவது இடம் டூல். டரட்டில் எட்டு நிலையா, பன்னிரண்டு நிலையா என்று பலரும் கேட்கிறார்கள். தொடர் உற்பத்தியில் எட்டே தாராளம். சிறு தொகுதியில் பன்னிரண்டுக்கு வேறொரு அர்த்தம் உண்டு: வேலை மாறினாலும் டூல் மாற வேண்டாம். ரஃப் டர்னிங்குக்கு ஒரு சிஎன்எம்ஜி, ஃபினிஷிங்குக்கு ஒரு விஎன்எம்ஜி, ஒரு குரூவிங், ஒரு திரெடிங், இரண்டு போரிங் பார், இரண்டு டிரில், ஒரு பார்ட்டிங். இந்த ஒன்பதை நிரந்தரமாக வைத்துவிட்டு மீதி மூன்று நிலைகளில் மட்டும் வேலைக்கு ஏற்ப மாற்றினால், புரோகிராமில் டூல் எண்கள்கூட மாறாது. இதோடு டூல் பிரீசெட்டர் ஆர்ம் ஒன்றும் சேர வேண்டும். டூல் முனையை அதன் மேல் தொட்டால் ஆஃப்செட் தானே பதிவாகிவிடும். பீஸில் தொட்டு, அளந்து, கையால் எண் அடித்து, ஒரு புள்ளி இடம் மாறி மோதிய கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. விருப்பப் பட்டியலில் கடைசிப் பக்கத்தில் இருக்கும் இந்த ஆர்மை நான் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவேன்.

டரட் இல்லாத கேங் டூல் மெஷின்களும் இருக்கின்றன. டூல்கள் ஒரு மேசையில் வரிசையாக நிற்கும். திரும்பும் நேரம் என்பதே இல்லை. விலையும் குறைவு. விட்டம் 30 மி.மீ.க்குள், நீளம் குறைவு, பித்தளை அல்லது அலுமினியம் என்றால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் டெயில்ஸ்டாக் இருக்காது. ஒரு டூல் வெட்டும்போது பக்கத்து டூல் பீஸில் இடிக்காதா என்று ஒவ்வொரு புது வேலைக்கும் யோசிக்க வேண்டும். என்ன டிராயிங் வரும் என்று தெரியாதவருக்கு இது முதல் மெஷின் ஆகாது.

ஸ்லேண்ட் பெட்டா, ஃபிளாட் பெட்டா என்பது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. ஸ்லேண்ட் பெட்டில் சிப்ஸ் தானே வழுக்கி விழும், ஆபரேட்டர் சக்குக்குப் பக்கத்தில் வர முடியும், டரட்டுக்கு இடம் கிடைக்கும். இருபது பீஸுக்கு மேல் போகும் எல்லா வேலைக்கும் அதுவே சரி. ஆனால் ஒரு பீஸ், மூன்று பீஸ், தேய்ந்த ஷாஃப்டுக்கு மாற்று என்று ஓடுபவர்கள் ஃபிளாட் பெட் டூல்ரூம் வகையை இளக்காரமாக நினைக்கக்கூடாது. ஹாஸ் நிறுவனத்தின் டிஎல் வரிசை இந்த வகைக்கு உதாரணம். சாதாரண லேத் போல மூன்று ஜா கைச் சக் மாட்டலாம், எலக்ட்ரானிக் கைச்சக்கரத்தைச் சுழற்றி ஒரு முகத்தைத் துடைக்கலாம், டேப்பரும் ஆரமும் திரெடும் வரும்போது மட்டும் கன்ட்ரோலிடம் விட்டுவிடலாம். கைச் சக்கில் 20-இலிருந்து 120 வரை சாவியைத் திருப்பும் நேரம்தான். ஐந்து பீஸுக்குள் இது ஸ்லேண்ட் பெட்டை முந்துவது உறுதி.

பவரும் ஆர்பிஎம்மும்

கேட்லாக்கில் 7.5 கிலோவாட் என்று இருக்கும். பக்கத்திலேயே 5.5 என்று இன்னொரு எண்ணும் சிறியதாக இருக்கும். பெரியது முப்பது நிமிடம் தாங்கும் திறன். சிறியது தொடர்ந்து தாங்குவது. கணக்குக்குச் சிறியதையே எடுங்கள். இஎன்8 இரும்பில் 2 மி.மீ. ஆழம், சுற்றுக்கு 0.25 மி.மீ. ஃபீட், நிமிடத்துக்கு 180 மீட்டர் வேகம் என்று ரஃப் கட் போட்டால் வெட்டும் முனையில் மூன்று கிலோவாட்டுக்குச் சற்று மேல் வேண்டியிருக்கும். 5.5 அதற்கு ஏராளம் என்று தோன்றும்.

தோன்றுவதோடு நின்றுவிடக் கூடாது. கோவைக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. பம்பு இம்பெல்லரோ புல்லியோ 150 மி.மீ. விட்டத்தில் வார்ப்பிரும்பில் வருகிறது. நிமிடத்துக்கு 120 மீட்டர் வேகத்தில் கடைய 255 ஆர்பிஎம் போதும். ஸ்பிண்டில் மோட்டார் தன் முழு பவரையும் தருவது அடிப்படை வேகத்தைத் தொட்ட பிறகுதான். அதற்குக் கீழே டார்க் மாறாது, பவர் ஆர்பிஎம்மோடு சேர்ந்து இறங்கும். அடிப்படை வேகம் 1500 என்று வைத்து, மோட்டாரும் ஸ்பிண்டிலும் ஒன்றுக்கு ஒன்றாக பெல்ட்டில் ஓடினால், 255 ஆர்பிஎம்மில் 5.5 கிலோவாட் மோட்டார் தருவது ஒரு கிலோவாட்டுக்கும் குறைவு! 2 மி.மீ. ஆழம் வைத்தால் ஸ்பிண்டில் திணறி நிற்கும். ஆகவே பவர் எண்ணைக் கேட்காதீர்கள், பவர்-டார்க் வரைபடத்தைக் கேளுங்கள். உங்கள் வழக்கமான பெரிய விட்டத்துக்கு ஆர்பிஎம் கணக்கிட்டு, அந்த இடத்தில் கோடு எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். விற்பனையாளர் வரைபடம் இல்லை என்றால் அந்த மெஷினைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

மறு முனையில், 10 மி.மீ. விட்டத்தை 180 மீட்டர் வேகத்தில் கடைய 5,700 ஆர்பிஎம்முக்கு மேல் வேண்டும். எட்டு அங்குல மெஷின்கள் அந்த வேகத்தை எட்டுவதில்லை. எட்டாவிட்டாலும் வேலை நடக்கும், கொஞ்சம் மெதுவாக நடக்கும். சிறு தொகுதியில் அதனால் குடி முழுகிவிடாது. ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். முன்மாதிரி வார்ப்புகள் பெரும்பாலும் சமநிலை இல்லாதவை. ஜி96 போட்டு முகம் துடைக்கும்போது டூல் மையத்தை நெருங்க நெருங்க ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகும். ஜி50-இல் உச்ச வரம்பு கட்டாமல் ஓட்டினால் பீஸ் சக்கை விட்டுப் பறக்கும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. புது ஆபரேட்டருக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டியது.

நீள வேலைகளுக்கு டெயில்ஸ்டாக் கட்டாயம். சக்கிலிருந்து நீட்டிய தண்டின் நீளம் இரண்டு மடங்கானால் டூலின் அழுத்தத்தில் அது வளைவது எட்டு மடங்காகும். விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீட்டினாலே சென்டர் கொடுத்துவிடுவது நல்லது.

மைக்ரான் கணக்கு

6205 பேரிங் உட்காரும் ஷாஃப்டின் விட்டம் 25 மி.மீ. டிராயிங்கில் கே6 என்று இருந்தால் 25.002-இலிருந்து 25.015 வரை போகலாம். மொத்தம் 13 மைக்ரான் இடைவெளி. மெஷினின் ரிப்பீட்டபிலிட்டி 3 மைக்ரான் என்று கேட்லாக் சொல்லும். அப்படியானால் கவலையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. முதலில், அந்த எண் எந்த முறைப்படி அளந்தது என்று கேளுங்கள். ஒரே மெஷினை ஜப்பானிய ஜேஐஎஸ் முறையில் அளந்தால் சிறிய எண் வரும், ஜெர்மனியின் விடிஐ 3441 முறையில் அளந்தால் பெரிய எண் வரும். முறையைக் குறிப்பிடாத எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை. டர்னிங் மெஷின்களைச் சோதிப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 13041 இருக்கிறது. அதன்படி எடுத்த அறிக்கையைக் கேட்டு வாங்கலாம்.

இதைவிடப் பெரிய எதிரி சூடு. காலையில் குளிர்ந்து கிடக்கும் மெஷினைப் போட்டவுடன் ஸ்பிண்டில் பேரிங்கும் ஹெட்ஸ்டாக்கும் பால் ஸ்க்ரூவும் மெல்லச் சூடேறி நீளும். எக்ஸ் அச்சில் பத்து, பதினைந்து மைக்ரான் நகர்வது சாதாரணம். தொடர் உற்பத்தியில் முதல் ஒரு மணி நேரம் ஆஃப்செட்டைத் திருத்திக்கொண்டே வந்தால், சூடு ஒரு நிலைக்கு வந்த பிறகு நாள் முழுக்க அளவு நிற்கும். சிறு தொகுதியில் அந்த வாய்ப்பு கிடையாது. பத்து பீஸ் ஆர்டர் என்றால் மெஷின் சூடேறி நிலைக்கு வருவதற்குள் ஆர்டரே முடிந்துவிடும்! அதாவது முழு ஆர்டரும் அளவு நகர்ந்துகொண்டிருக்கும் நேரத்துக்குள்ளேயே நடக்கிறது. நடுவில் செட்டிங்குக்காக ஒரு மணி நேரம் நின்றால் மறுபடி குளிர்கிறது. ஆகவே இந்த வேலைக்கு வாங்கும் மெஷினில் சூடுகால நகர்வு எவ்வளவு என்பது, சூடான பிறகு எவ்வளவு துல்லியம் என்பதைவிட முக்கியமான கேள்வி. அதைக் கேட்லாக் சொல்லாது. நாமே சோதிக்க வேண்டும். இரவு முழுக்க நிறுத்திவைத்த மெஷினைக் காலையில் போட்டு, ஆஃப்செட்டைத் தொடாமல் ஒரே புரோகிராமில் பத்து நிமிடத்துக்கு ஒரு பீஸ் வீதம் இரண்டு மணி நேரம் கடையச் சொல்லுங்கள். பீஸ்கள் எல்லாம் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு விட்டங்களை வரிசையாக எழுதினால், மெஷினின் குணம் முழுக்க அந்தத் தாளில் இருக்கும்.

லைவ் டூல் வேண்டுமா?

கண்காட்சியில் எல்லோரையும் மயக்குவது இதுதான். சக்கிலிருந்து கழற்றாமலே பக்கவாட்டில் துளை, சாவிக்கால்வாய், தட்டை முகம் எல்லாம் போட்டு, முடிந்த பீஸாக வெளியே வரும். முன்மாதிரி வேலைக்கு இதில் உண்மையான நன்மை உண்டு. இரண்டாவது மெஷினுக்குப் போனால் ஃபிக்ஸ்சர் செய்ய வேண்டும், மையம் திரும்பப் பிடிக்க வேண்டும், அங்கே சில மைக்ரான்களை இழக்க வேண்டும். ஐந்து பீஸுக்காக ஃபிக்ஸ்சர் செய்வது யாருக்குமே கட்டாது.

ஆனாலும் முதல் மெஷினாக இதை வாங்க நான் சொல்லமாட்டேன். லைவ் டூல் ஹோல்டர் ஒவ்வொன்றும் விலை கூடியது, பேரிங் தேய்வது. டரட்டில் ஒரு மோதல் நடந்தால் பழுது நீக்கும் செலவும் நாளும் இரு அச்சு மெஷினோடு ஒப்பிட முடியாத அளவு கூடும். சி அச்சு மட்டும் இருந்து ஒய் அச்சு இல்லாவிட்டால், மையத்தை விட்டு விலகிய துளை வரும்போது மறுபடி வேறு மெஷினைத்தான் தேட வேண்டும். பட்டறையில் ஏற்கெனவே ஒரு விஎம்சி நிற்கிறதென்றால் இரு அச்சு லேத்தே போதும். உங்களுக்கு வரும் டிராயிங்குகளில் பாதிக்கு மேல் துளையும் கடைசல் விட்டமும் ஒன்றுக்கொன்று இறுக்கமான உறவில் இருந்தால் மட்டும் டர்ன்-மில் பக்கம் போங்கள். போகும்போது ஒய் அச்சோடு போங்கள். சுவிஸ் வகை ஸ்லைடிங் ஹெட்டைப் பற்றி ஒரே வரி: மெல்லிய நீண்ட சிறு உதிரிகளில் அதற்கு ஈடில்லை, ஆனால் கிரைண்டிங் செய்த தண்டு வேண்டும், ஒவ்வொரு தண்டிலும் கடைசி நுனி வீணாகும், ஐந்து பீஸுக்கு அது தீர்வாகாது.

கன்ட்ரோல் விஷயத்தில் ஃபனுக்கா சீமென்ஸா மிட்சுபிஷியா என்ற வாதத்தைவிட, ஆபரேட்டர் மெஷின் பக்கத்திலேயே நின்று டிராயிங்கைப் பார்த்து புரோகிராம் எழுத முடிகிறதா என்பதே கேள்வி. ஃபனுக்கில் மேனுவல் கைடு, சீமென்ஸில் ஷாப்டர்ன் என்று உரையாடல் முறையில் புரோகிராம் செய்யும் வசதி உண்டு. விலைப்பட்டியலில் அது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். நம் ஊரில் ஃபனுக் தெரிந்த செட்டர்கள் எளிதில் கிடைப்பார்கள் என்பதும் ஒரு கணக்குதான்.

பழைய மெஷின், புது மெஷின், தவணை

இந்தியாவிலேயே நல்ல தேர்வுகள் இருக்கின்றன. கோவையின் எல்எம்டபிள்யூ, பெங்களூரு பீன்யாவின் ஏஸ் டிசைனர்ஸ், ராஜ்கோட்டின் ஜோதி சிஎன்சி ஆகியவை பட்டறைக்காரர்கள் நாளும் கையாளும் பெயர்கள். ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பழைய மோரி செய்கி, ஒகுமா, மசாக் மெஷின்களும் சந்தையில் உண்டு. வார்ப்பின் கனத்தைப் பார்த்தால் ஆசை வரும். பல நேரம் அந்த ஆசை நியாயமானதும்கூட. ஆனால் ஜப்பான் மெஷின் 200 வோல்ட்டில் ஓடுவது, நம் மும்முனை மின்சாரம் 415 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் செலவைச் சேர்க்க வேண்டும். அண்மைக் காலத்து ஜப்பான் மெஷின்கள் சிலவற்றில் இடம் மாற்றினால் தானே பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருக்கும். தயாரிப்பாளர் வந்து திறந்தால்தான் ஓடும். பேட்டரி தீர்ந்தால் அளவுருக்கள் அழிந்துவிடும் பழைய கன்ட்ரோல்களும் உண்டு. அந்த அளவுருக்களின் நகல் கையில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டயலை வைத்து ஸ்பிண்டில் ஆட்டமும் பால் ஸ்க்ரூ பேக்லாஷும் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். டரட்டின் எல்லா நிலைகளும் ஸ்பிண்டில் மையத்தோடு ஒத்து நிற்கின்றனவா என்பதையும் பாருங்கள். எப்போதோ நடந்த மோதலை மறைக்க முடியாத இடம் அது.

1953-இல் பெங்களூரில் தொடங்கிய எச்எம்டியின் லேத்துகள் இன்றும் நம் பட்டறைகளில் ஓடுகின்றன. அவற்றை சிஎன்சியாக மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கைடுவே தேய்மானத்தைச் சீர்செய்து, பால் ஸ்க்ரூ போட்டு, டரட்டும் மூடியும் கட்டி முடிக்கும்போது செலவு எங்கேயோ போய் நிற்கும். மாற்றுவதைவிட அந்த லேத்தை அப்படியே அவசர வேலைக்கு வைத்துக்கொள்வது லாபம்.

பணக் கணக்கிலும் சிறு தொகுதி வேலை தனி. மெஷின், சக், டூல், ஸ்டெபிலைசர், கம்ப்ரசர் எல்லாம் சேர்த்து 25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முழுக்கக் கடன், 10 சதவீத வட்டி, ஐந்தாண்டு என்றால் மாதத் தவணை 53,000 ரூபாயைச் சுற்றி வரும். ஒரு ஷிஃப்டுக்கு மாதம் 200 மணி நேரம். தொடர் உற்பத்தியில் 160 மணி நேரம் கட்டிங் ஓடினால் தவணைச் சுமை மட்டும் மணிக்கு 330 ரூபாய். செட்டிங்கிலேயே நேரம் போகும் பட்டறையில் 80 மணி நேரம் ஓடினால் அதே சுமை 660 ரூபாயைத் தாண்டுகிறது. கூலியும் மின்சாரமும் இதற்கு மேல். பக்கத்து ஷெட்டில் தொடர் உற்பத்திக்காரர் சொல்லும் மணி நேர ரேட்டைக் கேட்டு அதையே கொட்டேஷனில் எழுதுபவர் தன் கைக்காசைப் போட்டு வேலை செய்கிறார். செட்டிங் கட்டணம் தனி வரியாக வர வேண்டும். முன்மாதிரி கேட்டு வருபவர்கள் அதைப் புரிந்துகொள்வார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. மெஷினுக்குச் செலுத்தும் 18 சதவீத ஜிஎஸ்டி பின்னால் வரவாகக் கிடைக்கும். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும் என்பதால் தவணைத் திட்டத்தில் அதற்கும் இடம் வையுங்கள்.

வாங்கும் நாள் நெருங்கும்போது கோவை கொடிசியாவின் இன்டெக், சென்னை நந்தம்பாக்கத்தில் நடக்கும் ஆக்மி, பெங்களூரின் இம்டெக்ஸ் என்று கண்காட்சிகளுக்குப் போவது நல்லதுதான். அங்கே ஓடும் பளபளப்பான மாதிரி பீஸ் உங்கள் வேலை அல்ல. தயாரிப்பாளரின் ஆலைக்கோ டெமோ கூடத்துக்கோ உங்கள் டிராயிங்குகளில் இரண்டை எடுத்துச் செல்லுங்கள்: ஒன்று 25 மி.மீ. ஷாஃப்ட், இன்னொன்று 150 மி.மீ. வார்ப்பு. மெட்டீரியலையும் நீங்களே கொண்டுபோங்கள். முதல் வேலையில் ஐந்து பீஸ் கடையச் சொல்லி, உடனே இரண்டாவதுக்கு மாறச் சொல்லுங்கள். முதல் வேலையின் கடைசி பீஸ் இறங்கிய நிமிடத்திலிருந்து இரண்டாவதின் முதல் நல்ல பீஸ் உங்கள் மைக்ரோமீட்டரில் தேறும் நிமிடம் வரை கடிகாரத்தைப் பாருங்கள். பழகப்போகும் உங்கள் ஆபரேட்டரையும் கூட்டிச் செல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விகள் உங்கள் கேள்விகளைவிடக் கூர்மையாக இருக்கும். சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரில் இருக்கிறார், ஸ்பிண்டில் டிரைவ் போனால் எத்தனை நாளில் மாற்று வரும் என்பவற்றை ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்குங்கள். மெஷின் உங்கள் ஷெட்டில் இறங்கி, லெவல் பார்த்து, அதே இரண்டு வேலையையும் அங்கே ஓட்டிக் காட்டி, அளவுத் தாளில் அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகு கடைசிப் பத்து சதவீதத்தை விடுவியுங்கள்.